வெண்வால் மான் வேட்டை: பொம்மை மானை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

அமெரிக்காவின் பெரும்பகுதியில் வெண்வால் மான்கள் இணைசேரும் நவம்பர் மாதத்தில்தான், நிஜ மானை ஈர்க்க வைக்கும் பொம்மை மான் நன்றாக எடுபடும். வில்வேட்டைக்கு, நீங்கள் ஒளிந்திருக்கும் பரணிலிருந்து சுமார் 20 கஜம் தள்ளி, காற்று வரும் பக்கமாக வையுங்கள். கிடா, அதாவது ஆண் மான், நேராக வராது. பொம்மையைத் தாண்டிக் காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். அப்படிச் சுற்றும்போது பொம்மைக்கும் பரணுக்கும் நடுவே உங்கள் முன்னால் வந்துவிடும்.

கிடா பொம்மையின் முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். வரும் கிடா அதன் முகத்துக்கு முகம் நிற்க வரும். அப்போது அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும், வில்லை இழுப்பது அதன் கண்ணில் படாது. கொம்பு சிறியதாக இருந்தால் போதும். பெரிய கொம்பைக் கண்டால் இளம் கிடாக்கள் ஒதுங்கிவிடும். பெட்டை பொம்மை என்றால் பின்பக்கம் உங்களை நோக்கட்டும், கிடா பின்னாலிருந்துதான் அணுகும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் மனித வாடையால். ரப்பர் கையுறை இல்லாமல் பொம்மையைத் தொடாதீர்கள். வீட்டுக்குள்ளோ கார் டிக்கியில் பெட்ரோல் கேன் பக்கத்திலோ வைக்காதீர்கள். கிடாவை ஈர்க்கும் பெட்டை மானின் சிறுநீர் வாசனையைப் பொம்மைமேல் ஊற்ற வேண்டாம், வாடை ஊறிவிடும். பஞ்சுத்திரியில் சில சொட்டு விட்டு, பக்கத்தில் குச்சியில் மாட்டினால் போதும். மான்களைத் தாக்கும் மூளைநோய் பரவும் என்ற பயத்தால் சில மாநிலங்களில் இயற்கைச் சிறுநீருக்குத் தடை உண்டு. அங்கே செயற்கை வாசனைதான்.

அசையாத பொம்மையை மான் சந்தேகிக்கும். வாலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், காற்றில் ஆடும்.

பொம்மையைத் தூக்கிச் செல்லும்போது, மற்ற வேட்டைக்காரர்கள் நிஜ மான் என்று நினைத்துவிடாதபடி, ஆரஞ்சுத் துணியால் முழுக்க மூடுங்கள். துப்பாக்கி சீசனில் பொம்மையே வேண்டாம்.