12 இடத்தில் 13 அணி

நிஜ வீரர்களை வைத்து கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டசி லீக் பதிவுக்கு ஒரு தளம் கட்டினேன். லீகுக்கு 12 அணிதான். ஒருநாள் பார்த்தால் ஒரு லீகில் 13! அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வரிசையே குழம்பிப்போனது.

யாரோ பட்டனை இரண்டு முறை அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்து, முதல் கிளிக்கிலேயே அதை முடக்கினேன். பயனில்லை. நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் துருவியபோதுதான் புரிந்தது. கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்திருக்கிறார்கள். நிரல் இருவருக்கும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, 11 பேர்தான் இருக்கிறார்கள் என்று இருவரையும் உள்ளே விட்டிருக்கிறது.

சரி என்று எண்ணுவதையும் சேர்ப்பதையும், நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டேன். போதவில்லை. நான் பயன்படுத்தும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஐசொலேஷன் நிலையில், ஒருவரின் இன்னும் முடியாத மாற்றம் மற்றவருக்குத் தெரியாது; அதனால் அப்போதும் இருவருக்கும் 11 என்றே தெரியும். லீகின் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை போட்டுப் பூட்டிய பிறகே எண்ணச் சொன்னேன். இரண்டாமவர் காத்திருந்து, பூட்டு திறந்ததும் 12 என்று பார்த்துத் திரும்பிவிடுவார். அப்புறம் லீக் எண்ணையும் இட எண்ணையும் சேர்த்து, அதே ஜோடி இரண்டாம் முறை பதியாதபடி தடுக்கும் ஒரு யூனிக் இண்டெக்ஸ். என் நிரலை நானே முழுதாக நம்புவதில்லை.

அந்தப் 13வது நபரிடம் மன்னிப்புக் கேட்டு வேறொரு லீகில் சேர்த்துவிட்டேன்.