திருச்சியில் விமானம் தாமதமா? காரைக்குடியிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர்களில் பலருக்குத் திருச்சிதான் வாசல். அங்கே மலிவுக் கட்டண விமானங்களே அதிகம். இரண்டு மணி நேரம் காரில் போய், வழியனுப்ப வந்த சொந்தங்களைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் பலருக்கும் தாமதச் செய்தி தெரிகிறது. முதன்முறை பறப்பவர்கள் கீழே உள்ள வரிசைப்படி செய்யுங்கள்.

முதல் வேலை: டிக்கெட்டில் யாருடைய எண்?

டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுத்தால், கடைக்காரர் அவசரத்தில் தன் கைபேசி எண்ணையே பதிந்துவிடுவது உண்டு. விமான நேரம் மாறியதாக வரும் குறுஞ்செய்தி, ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவருக்குப் போய்ச் சேரும். இதில் பண நஷ்டமும் இருக்கிறது. போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு, விமானம் ரத்தானால் இழப்பீடு கிடையாது என்கிறது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட் கைக்கு வந்ததும் அதிலுள்ள பிஎன்ஆர் எனும் முன்பதிவு எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்து, உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரை மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது: வருகிற விமானத்தைப் பாருங்கள்

மலிவுக் கட்டண நிறுவனங்கள் விமானத்தைத் தரையில் சும்மா நிறுத்துவதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் விமானமே பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். பயணம் சுமார் 4 மணி நேரம். ஆகவே இரவு 11 மணி விமானம் என்றால், அது நம் நேரப்படி மாலை 6 மணியளவில் அங்கே கிளம்பியிருக்க வேண்டும். பிளைட்ரேடார்24 செயலியில் இது தெரியும். கிளம்பவில்லையா? இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே நிதானமாக முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள்: பெட்டியை ஒப்படைத்து போர்டிங் பாஸ் வாங்கும் செக்-இன் கவுண்டரைப் பழைய நேரப்படியே மூடிவிடக்கூடும். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நகருக்குள் போய்ச் சிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது: கைப்பை

பல நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். மாத்திரைகள், பவர் பேங்க், ஒரு சால்வை, காலித் தண்ணீர் பாட்டில். பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம். சீப்புச் சீடையும் தேன்குழலும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் விலை கொடுத்து வாங்கும் நூடுல்ஸைவிட எவ்வளவோ மேல். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைப் பெட்டியில் போடுங்கள். இருக்கை அதிகம் சாயாது, முழங்கால் இடிக்கும். முதியவர் கூட வந்தால் முன்வரிசை இருக்கைக்குக் காசு கட்டுவதில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

நான்காவது: கடிகாரத்தைப் பார்த்துக் கேளுங்கள்

விமானம் தாமதித்தால் டிஜிசிஏ விதிப்படி சில உரிமைகள் உண்டு; நேரத்துக்கு செக்-இன் செய்தவருக்கே அவை. பயண நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால் (சென்னை விமானம் போல) 2 மணி நேரத் தாமதத்துக்கும், இரண்டரை முதல் ஐந்து மணி வரையென்றால் (சிங்கப்பூர் போல) 3 மணி நேரத் தாமதத்துக்கும் உணவு தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்குமிடமும் உண்டு. கேட்காதவரைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை.

மோசமான வானிலை போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணமென்றால் அவர்கள் விலக்குக் கோரலாம். அதனால் "என்ன காரணம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் தர மறுத்தால் அங்கிருந்தே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் கத்துவதால் ஒரு காபிகூடக் கிடைக்காது.

கடைசியாக: புகார்

பெட்டி உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிக் கொடுங்கள். சர்வதேசப் பயணத்தில் எழுத்துப் புகாருக்கு 7 நாள்தான் கெடு. மற்றவற்றுக்கு முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளமும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கின்றன. அதிலும் தீரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடிக்காரருக்குச் சிவகங்கை போதும், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை.