கடினமான கோல்ஃப் மைதானமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஆம்பூர், கிருஷ்ணகிரி தாண்டி, பெங்களூரு பக்கத்து ரிசார்ட்டில் கோல்ஃப் ஆடப் போகிறோம். சாம்பியன்ஷிப் தரத்து மைதானம். முதல் தவறு டீயிலேயே, அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்திலேயே, நடந்துவிடும். ஆகப் பின்னால் இருக்கும் டீ போட்டி ஆட்டக்காரர்களுக்கானது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு முன்னாலிருந்தா ஆடுவது என்று அங்கே போய் நிற்காதீர்கள். முன் டீயில் ஆடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. போன முறை என் பந்து தைல மரங்களுக்கு நடுவே போய்விட்டது. "சார், பக்கவாட்டுல அடிச்சு ஃபேர்வேல போட்ருங்க" என்றார், மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் கேடி. ஃபேர்வே என்பது புல்லை ஒட்ட வெட்டிய நடுப்பாதை. நான் கேட்கவில்லை. இரண்டு மரத்துக்கு நடுவே தெரிந்த சந்தில் அடித்தேன். பந்து மரத்தில் பட்டு எனக்குப் பின்னால் போய் விழுந்தது. அந்த ஒரு ஹோலில், அதாவது ஒரு குழியில், பந்தைப் போட 9 அடி, மட்டையால் 9 முறை அடிக்க வேண்டியதாயிற்று.

பெரிய ஆட்டக்காரரும் இதில் சறுக்கியிருக்கிறார். 1999 பிரிட்டிஷ் ஓபன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம். கடைசி ஹோலில் ஜான் வான் டி வெல்ட் 6 அடியில் முடித்தாலே கோப்பை அவருக்கு. ஆனாலும் வெகுதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்தார். இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பியது, மூன்றாவது ஓடைக்குள் போனது. ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். 7 அடி ஆகி, சமநிலையை முறிக்க ஆடும் பிளே ஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். ஆபத்தில் மாட்டினால் ஒரு அடியை விட்டுக்கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

பந்து தொலைந்திருக்கும் என்று தோன்றினால், தேடப் போகும் முன்பே "ப்ரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். 2019 முதல் தேடுவதற்கு 3 நிமிடம்தான்.

அப்புறம் பங்கர், அதாவது மணல் பள்ளம். பாலாற்று மணலில் நடந்து பழகியவர்களுக்குக் கால் புதைவது புதிதல்ல. காலைக் கொஞ்சம் புதைத்தே நில்லுங்கள். பந்தை நேராக அடிக்காமல், அதற்கு இரண்டு விரல் பின்னால் மணலை அடியுங்கள். மணலே பந்தைத் தூக்கிவிடும். ஆனால் அடிக்கும் முன் பந்துக்குப் பக்கத்தில் மட்டையால் மணலைத் தொட்டால் 2 அடி தண்டம். வெளியே வந்ததும் ரேக்கை எடுத்துக் கால்தடத்தைச் சமன்படுத்துங்கள். பின்னால் வருபவரின் பந்து அந்தக் குழியில்தான் போய் உட்காரும்.