பெரிய அளவு மாடல் இன்ஜினுக்குப் பாகம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மாடல் ரயிலில் பெரிய அளவைக் கையில் எடுத்தவர்களுக்கு இன்ஜின் கிடைப்பது பெரிய பாடில்லை. எல்ஜிபி, பாக்மன் கம்பெனிகளின் பழைய இன்ஜின்கள் இணையத்தில் செகண்ட் ஹேண்டில் வந்துகொண்டே இருக்கின்றன. அதற்கு அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கிறது. விசில், முன்விளக்கு, பாய்லர் பக்கவாட்டில் ஓடும் குழாய்கள், கைப்பிடிக் கம்பி, பிரேக் ஹோஸ், பெயர்ப்பலகை போன்ற சின்னப் பொருள்கள்தான் ஒரு பொம்மையை இன்ஜினாக்குகின்றன. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு இவற்றை வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தபாலைத்தான் நம்பவேண்டும். தப்பான பாகம் வந்து சேர்ந்தால், திருப்பி அனுப்பும் செலவே பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். அதனால் காசு கட்டும் முன்னால் செய்கிற வேலைதான் முக்கியம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பொட்டலத்தில் 'ஜி ஸ்கேல்' என்று எழுதியிருந்தால் போதும் என்று நம்புவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீணாகும் காசில் பாதி இங்கேதான் போகிறது.

எல்ஜிபி 1968-இல் ஜெர்மனியிலிருந்து வந்தபோது 45 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு, அதில் மீட்டர் கேஜ் ரயிலை, அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் உள்ள ரயிலை, 1:22.5 அளவில் ஓட்டியது. பிறகு வந்தவர்கள் தண்டவாளத்தை மாற்றவில்லை, இன்ஜினின் அளவை மாற்றினார்கள். அமெரிக்காவின் மூன்றடி கேஜைச் சரியாகக் காட்ட நினைத்தவர்கள் 1:20.3-க்குப் போனார்கள். ஸ்டாண்டர்ட் கேஜுக்கு (1435 மிமீ) கணக்குப்படி 1:32 வரவேண்டும். ஆனால் யூஎஸ்ஏ டிரெயின்ஸும் அரிஸ்டோ கிராஃப்டும் 1:29-இல் செய்தார்கள். நடுவில் 1:24 வேறு. இத்தனையும் ஒரே தண்டவாளத்தில் ஓடும், இத்தனைக்கும் கடைக்காரர் 'ஜி' என்றே பெயர் வைப்பார்.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு மணியை வைத்துப் பாருங்கள். நிஜத்தில் 12 அங்குலக் குறுக்களவு உள்ள மணி, 1:20.3-இல் 15 மிமீ வரும். 1:22.5-இல் 13.5, 1:24-இல் 12.7, 1:29-இல் 10.5, 1:32-இல் 9.5. இரண்டு கடைசி அளவை மாற்றி வாங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். முதல் அளவையும் கடைசி அளவையும் மாற்றினால் இன்ஜின் தலையில் குடம் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

கம்பெனி பெயரை நம்பியும் வாங்கக்கூடாது. பாக்மனின் பிக் ஹாலர் வரிசை 1:22.5-ஐச் சேர்ந்தது, அதே பாக்மனின் ஸ்பெக்ட்ரம் வரிசையில் வந்த மூன்றடி கேஜ் இன்ஜின்கள் 1:20.3. எல்ஜிபியிலும் அமெரிக்க டீசல்கள் இருக்கிறபடிக்கு 22.5-இல் அடங்குவதில்லை. ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி, உங்கள் இன்ஜினின் ஓட்டுநர் அறைக் கதவையும் சக்கரத்தையும் அளந்து, நிஜ இன்ஜினின் அளவை அந்த அளவால் வகுத்துப் பாருங்கள். பாகம் விற்பவரிடம் ஸ்கேல் கேட்காதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள். மில்லிமீட்டர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இதில் நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. நம் ஊர் வழியாகப் போகும் கேடிஎம் (மலேசிய ரயில்வே) பாதை மீட்டர் கேஜ். ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4, கிட்டத்தட்ட அந்த 45-தான். அமெரிக்க ஸ்டாண்டர்ட் கேஜ்காரர்கள் 1:29-ஆ 1:32-ஆ என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, மலாயா ரயில்வே இன்ஜின் செய்ய நினைக்கிறவர் 1:22.5 என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தோட்டத்துக்குள் செம்பனைக் குலை ஏற்றிப்போன குட்டி ரயிலைச் செய்ய ஆசைப்பட்டால் கணக்கு வேறு. இரண்டடி கேஜுக்கு 32 மிமீ தண்டவாளத்தில் 1:19 பொருந்தும். பிரிட்டனில் அதற்கென்றே பாகம் செய்கிறவர்கள் உண்டு.

எந்த நாட்டு இன்ஜின், எந்தக் காலம்?

சந்தையில் கிடைக்கும் பெரிய அளவுப் பாகங்களில் பெரும்பகுதி அமெரிக்க இன்ஜின்களுக்காகச் செய்தவை. அழகாக இருக்கும், வார்ப்பும் நேர்த்தியாக இருக்கும், பார்த்தாலே வாங்கத் தோன்றும். ஆனால் நம் நீராவி இன்ஜினில் அதை மாட்டினால் பொய்யாகிவிடும். பாய்லர் பக்கத்தில் தொங்கும் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பம்பு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க இன்ஜின்கள் காற்று பிரேக்கில் ஓடின, அதனால் பம்பு வேண்டும். மலாயா ரயில்வே வேக்குவம் பிரேக்கில் ஓடியது. அங்கே பம்புக்கு வேலையில்லை. நீராவியால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் எஜெக்டரும் அதிலிருந்து முன்னால் போகும் தடித்த குழாயும்தான் வேண்டும். மணியும் அப்படித்தான், அது அமெரிக்கப் பழக்கம்.

56 ரக இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கிளாஸ்கோவிலிருந்து 1930-களின் கடைசியில் அனுப்பத் தொடங்கிய, 4-6-2 சக்கர அமைப்புள்ள இன்ஜின். மலாயா ஊர்களின் பெயரைத் தாங்கியவை, தெமர்லோ என்ற இன்ஜினை நிறைய பேர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். அதில் சிலிண்டருக்குள் நீராவியை விடுவது பாப்பெட் வால்வு. மற்ற நீராவி இன்ஜின்களில் சக்கரத்துக்கு மேலே ஆடும் வால்ஷார்ட்ஸ் கம்பிகள் இதில் வெளியே தெரியாது, சிலிண்டரை நோக்கிப் போகும் சுழல்தண்டுதான் தெரியும். 'நீராவி இன்ஜின் என்றால் இந்தக் கம்பி இருக்கும்' என்று வால்ஷார்ட்ஸ் செட்டை வாங்கினால் அவ்வளவும் வீண்.

காலமும் அதே அளவு முக்கியம். போருக்கு முன் பத்து ஆராங் ஊர்ச் சுரங்கத்துக் கரியில் ஓடிய இன்ஜின்கள் பிறகு எண்ணெய்க்கு மாறின. டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் எரிபொருள் வண்டியில்) கரிக் குவியல் வைப்பதா, எண்ணெய்த் தொட்டி மூடி வைப்பதா என்பதை நீங்கள் எடுத்துக்கொண்ட வருடம்தான் சொல்லும். ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருக்கிறதை மட்டும் வாங்குங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர் வீட்டு ஆல்பத்தை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், இணையத்தில் கிடைக்காத கோணம் அதில் இருக்கும்.

எதனால் செய்தது என்று பார்க்காமல் வாங்குவது

பித்தளை வார்ப்பு, வெள்ளை உலோகம், ரெசின், முப்பரிமாண அச்சு என நான்கும் சந்தையில் கலந்தே கிடைக்கும். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு பையன் பித்தளை நிறத்தில் மின்னிய விசில் ஒன்றை நகைப் பட்டறைக்கு எடுத்துப்போய், "ஐயா, இதைக் குழாயோட பத்தவைச்சுத் தரமுடியுமா?" என்று கேட்டான். பத்தர் வாங்கி அடியில் அரத்தால் லேசாகத் தேய்த்தார். மஞ்சள் போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. "தம்பி, இது மேல்பூச்சு. தீயைக் காட்டினா கையிலேயே உருகிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளை உலோகம் அப்படித்தான், சாதாரண சாலிடரிங் இரும்பின் சூட்டுக்கே வழிந்துவிடும். அதை எப்பாக்ஸியால் ஒட்டவேண்டும். ஈயம் கலந்தது நிறைய உண்டு, அதனால் அரம் போட்டுவிட்டு கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள்.

நிஜப் பித்தளையாக இருந்தால் பத்தரிடமே தாராளமாகக் கொடுக்கலாம். அவ்வளவு நுணுக்கமான பற்றவைப்பு நமக்கு வராது.

முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ என்ற பொருளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 60 டிகிரி வாக்கில் அது இளகத் தொடங்கும். நம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம், முற்றத்தில் இன்ஜினை ஓட்டுபவர்களுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்த பாகம் வளைந்துபோகும். அச்சுக்கான கணினிக் கோப்பு ஒன்றை வாங்கி அளவு மாற்றி அச்சிடுவதிலும் கவனம் வேண்டும். 1:20.3 கோப்பை 90.2 விழுக்காட்டுக்குக் குறைத்தால் 1:22.5 வந்துவிடும், அது சரி. ஆனால் கைப்பிடியின் தடிமனும் சேர்ந்தே குறைவதால் மெல்லிய இடங்கள் உடையும். 1:87 கோப்பை 387 விழுக்காட்டுக்குப் பெருக்கினால் வழவழப்பாக இருந்த வளைவெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். நிஜ நீராவியில் ஓடும் இன்ஜின் என்றால் பாய்லர் பக்கமே பிளாஸ்டிக்கைக் கொண்டுபோகக் கூடாது.

திருகாணியை மறப்பதும் பலர் செய்வது. அமெரிக்க வார்ப்புகளில் 0-80, 2-56 என்ற மரையும், பிரிட்டிஷ் பாகங்களில் பிஏ மரையும் இருக்கும். நம் ஹார்ட்வேர் கடையில் கிடைப்பது எம்2, எம்3. 2-56 திருகு 2.18 மிமீ, எம்2 அதைவிடச் சின்னது, மரையின் இடைவெளியும் வேறு. பலவந்தமாகத் திருகினால் வார்ப்பு கெடும். பாகத்தோடு திருகாணியையும் சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள்.

வெளிநாட்டிலேயே தேடுவது

குழாய், சங்கிலி, கம்பி இவற்றுக்காகக் கடல் தாண்டவேண்டியதில்லை. ஐஸ்பெட்டி, ஏர்கான் பழுதுபார்க்கும் கடையில் கேப்பிலரி என்ற மெல்லிய செம்புக் குழாய் சுருள் இருக்கும். கிட்டத்தட்ட 2 மிமீ வெளிக் குறுக்களவு, கையாலேயே வளையும், 1:22.5-இல் அது ஒன்றே முக்கால் அங்குலக் குழாய். "அண்ணே, மிச்ச துண்டு இருந்தா குடுங்க" என்றால் பெரும்பாலும் காசுகூட வாங்கமாட்டார்கள். ஓர் அங்குலக் கைப்பிடிக் கம்பிக்கு 1.1 மிமீ வரவேண்டும், 1 மிமீ பித்தளைக் கம்பி போதும். பாதுகாப்புச் சங்கிலிக்குக் கவரிங் கடைச் சங்கிலியின் மிச்சம். ரிமோட் கார் பொழுதுபோக்குக்காரர்களின் 1:24 பாகங்களிலும் கொக்கி, விளக்கு, கருவிப்பெட்டி எல்லாம் கிடைக்கும். தபால் செலவை விசில், விளக்கு, பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் மாதிரி உள்ளூரில் செய்யமுடியாதவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பெனி மூடிவிட்டால் அதன் பாகங்களும் போய்விட்டதாக முடிவுகட்டாதீர்கள். கிராண்ட் லைன் நின்றபோது அதன் அச்சுகள் பலவற்றை சான் ஹுவான் எடுத்துக்கொண்டது. அரிஸ்டோ கிராஃப்ட் 2013-இல் மூடியது, இருந்தும் அதன் இன்ஜின்களுக்கான பாகங்கள் பழைய இருப்பிலிருந்து வருகின்றன. கம்பெனிப் பெயரைவிடப் பாக எண்ணை வைத்துத் தேடுங்கள்.

விலை ஒப்பிடும்போது வரியைச் சேர்த்துப் பாருங்கள். மலேசியாவில், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. நான்கு பொட்டலமாக வாங்குவதைவிட, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே கடையில் ஒரே ஆர்டராகப் போட்டால் தபால் செலவு பகிர்ந்துபோகும்.

ஒட்டுவதற்கு முன்

பாகம் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே பசையை எடுக்காதீர்கள். ப்ளூடாக் என்ற, களிமண் மாதிரி பிசைகிற ஒட்டுப்பொருளால் தற்காலிகமாக ஒட்டி, உங்களிடம் உள்ள மிகக் குறுகலான வளைவில் இன்ஜினை மெதுவாகத் தள்ளுங்கள். எல்ஜிபியின் ஆர்1 வளைவுக்கு 600 மிமீ ஆரம்தான். அதில் முன்சக்கர வண்டி பக்கவாட்டில் நன்றாகவே ஆடும். அழகாக மாட்டிய படிக்கட்டும் பிரேக் ஹோஸும் அங்கேதான் இடிக்கும். இரண்டு பக்கத் தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் இன்ஜினில் பித்தளைப் பாகம் ஒரு பக்கச் சக்கரத்தையும் மறுபக்க உலோகத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும் பாகத்தின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்துவிட்டு ஒட்டுங்கள். சூப்பர் குளூவை மூடிய ஓட்டுநர் அறைக்குள் பயன்படுத்தினால் நம் ஈரப்பதத்தில் ஜன்னல் எல்லாம் வெள்ளை படிந்துவிடும், கண்ணாடி மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த வேலையை முடித்து, ஒரு நாள் காற்றாட விடுங்கள்.