கார் முன் சஸ்பென்ஷன் வேலை: புதுச் சாமானைக் கெடுக்கும் தவறுகள்

மாரி மழை ஓய்ந்த கையோடு, பள்ளம் விழுந்த படுவான்கரைப் பாதைகளில் நாலு தரம் போய் வந்தால் போதும், ஆல்டோவோ விட்ஸோ முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று தட்டத் தொடங்கிவிடும். சாமானை வாங்கிவந்து வீட்டு முற்றத்திலேயே மாற்றுகிறவர்கள் மட்டக்களப்பில் நிறையப் பேர். கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆமைப் புதிதாகப் போட்டுச் சில மாதத்திலேயே அதன் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டால், பழி உடனே சாமானின் தலையில் விழுகிறது. பல நேரம் அதைக் கெடுத்தது இறுக்கிய முறைதான்.

லோவர் ஆம் புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் அந்தக் குழாய் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். சில்லு ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். இப்போது கார் ஜக்கில் நிற்கிறது, சில்லு கீழே தொங்குகிறது, அந்த நிலையிலேயே முழுப் பலத்தில் இறுக்கிவிடுகிறீர்கள். காரை இறக்கியதும் ஆம் மேலே வரும், ரப்பர் முறுகும். கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் சேர, கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே புஷ் போல்ட்டுகளை முதலில் மட்டாக மட்டும் பிடியுங்கள். சில்லைப் பூட்டி, காரை உறுதியான பலகைத் துண்டுகளின் மேல் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு தரம் அமுக்கி விட்டுவிட்டு, கார் தன் பாரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கை இறுக்குங்கள். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் கைவசம் இருந்தால் அந்த மொடலுக்குரிய அளவுக்கே இறுக்குங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கல்லடி, காத்தான்குடிப் பக்கம் முற்றமெல்லாம் கடல் மணல். ஜக்கும், தூக்கிய காரைத் தாங்க வைக்கும் ஸ்டேண்டும் அதில் ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். தடித்த, அகலமான பலகை போடாமல் காரைத் தூக்கவே வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவும் வேண்டாம்.

ஷொக் அப்சோபரைக் கழற்றும்போது பொனற்றுக்குக் கீழே, மேல் மவுன்டைச் சுற்றியிருக்கும் நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டில் கை வைக்காதீர்கள். சுருங்கி நிற்கும் ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்டுத்தான் பிடித்து வைத்திருக்கிறது. கழன்றால் முகத்துக்கு நேரே பாயும். நல்ல ஸ்பிரிங் கொம்பிரசர் இல்லையென்றால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டையும் கழற்றி கராஜுக்குக் கொண்டுபோய் மாற்றி வாருங்கள். இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை. ஷொக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பதும் வேண்டாம், இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும்.

கடற்கரை ஊரில் உப்புக் காற்றால் நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருக்கும். முதல் நாளே கம்பிப் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். கேஸ் சுவாலை காட்டினால் பக்கத்திலுள்ள ரப்பர் கருகும். லோவர் ஆமின் நுனியிலுள்ள உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் கழன்று வராவிட்டால் அதன் மரையின் தலையில் அடிக்காமல், அது நுழைந்திருக்கும், சில்லைத் தாங்கும் இரும்பான நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். நட்டு கழலாமல் துளைக்குள் செருகும் கொட்டர் பின்னில் பழையதைத் திரும்பப் போட வேண்டாம். துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. கழற்றிய பிரேக் கலிப்பரை அதன் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டிவையுங்கள்.

சத்தம் கேட்டவுடன் ஷொக்கை வாங்க ஓடுவதும் வீண் செலவு. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மட்டும் தட்டுகிறதென்றால், பெரும்பாலும் கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும், விலை குறைந்த ஸ்டெபிலைசர் லிங்க்தான் காரணம். அதை மாற்றும்போது முன் சில்லு இரண்டையும் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி நின்று லிங்க் கழராது.

ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் எண்ட் மாற்றினால், பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றே புதியதை ஏற்றுங்கள். அது சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் எலைன்மென்ட் ஆகாது, கராஜ் வரை ஓட்டிப்போக உதவும், அவ்வளவுதான். ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றியிருந்தாலும் எலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும். அதைப் பார்க்காமல் நெடுந்தூரம் ஓடினால் டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். புது டயர் இரண்டின் விலையோடு பார்த்தால் எலைன்மென்ட் கூலி ஒன்றுமே இல்லை.