பழைய செற்றுடன் புளூடூத் ஸ்பீக்கரைச் சேர்க்கும்போது விடும் பிழைகள்

ஹோலில் இருக்கும் பழைய அம்பிளிபயர் செற்றில் ஓடும் பாட்டை விறாந்தையிலும் கேட்க ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சேர்க்க நினைப்பவர்கள், முதற் பிழையைக் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். இதற்கு வேண்டியது ஒலியை அனுப்பும் ரான்ஸ்மிற்றர். வெறுமனே ‘புளூடூத் அடாப்டர்’ என்று கேட்டால், போனிலிருந்து ஒலியை வாங்கும் றிசீவரே பெரும்பாலும் கைக்கு வரும்.

பெரிய பிழை செற்றின் பின்பக்கத்தில் நிகழ்கிறது. ஸ்பீக்கர் வயர் பூட்டும் முனைகளில் வருவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலி. சத்தத்தைக் கூட்டினால் அங்கே 10 வோல்ற்றுக்கு மேலும் எழலாம். ரான்ஸ்மிற்றரோ ஓரிரு வோல்ற்றுக்கு மேல் தாங்காது. ஆகவே, அக்காலத்தில் கசெற்றில் பதிவதற்கென வைத்த ‘ரேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ என்ற சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்தே ஒலியை எடுக்க வேண்டும். சத்தக் குமிழைத் திருகினாலும் இந்தத் துளைகளில் வரும் ஒலி பொதுவாக மாறாது. இதைப் பழுதென்று எண்ணிக் கழற்றி வைக்க வேண்டாம். ஹோலை அமைதியாக வைத்துக்கொண்டு விறாந்தையில் மட்டும் பாட்டுக் கேட்க வழிசெய்வதே அதுதான்.

புளூடூத் ஸ்பீக்கரைச் செற்றின் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைப்பதும் வீண். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது. புளூடூத்தில் அது 0.2 விநாடி பிந்தினால், அந்த ஸ்பீக்கர் 68 மீற்றர் தள்ளி, படலைக்கும் அப்பால் நின்று பாடுவதற்குச் சமம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வழியில், கிட்டத்துக் குழாய் ஸ்பீக்கர் சொல்லி முடித்த சொல்லைத் தூரத்துக் குழாய் திரும்பச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். தாமதத்தைக் குறைக்கும் வசதி ரான்ஸ்மிற்றரில் மட்டும் இருந்து பயனில்லை, ஸ்பீக்கரிலும் அதே வசதி இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், வேறு அறையில் வைப்பதே சரி. ஆனால் இடையில் கற்சுவர்கள் இருந்தால், புளூடூத் எட்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் 10 மீற்றர் தூரத்தையும் நம்பக்கூடாது.

போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட வன்னியில் வோல்ற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லைத்தான். ஆயினும், கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ற் செற்றை எமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே செருகிப் புகைய விடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் அம்பிளிபயரைத் திறக்க வேண்டாம். ரான்ஸ்மிற்றரைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பவர் பாங்கில் பூட்டிப் பாருங்கள்; இரைச்சல் நின்றுவிட்டால் அது சார்ஜர் வழியே வந்ததுதான்.