வெனிஸுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் இருப்பது பதுவையில். நம் ஊரில் கோடி அற்புதர் என்று கும்பிடுகிறோமே, அந்த அந்தோனியாரின் பதுவைதான். இங்கிருந்து வெனிஸ் ரயிலில் அரை மணி நேரம். அதனால் வருஷத்துக்கு நாலைந்து குடும்பங்களாவது எங்கள் வீட்டில் வந்து தங்கும். அவர்களோடு ஒரு நாள் வெனிஸ் போய் வருவேன்.

போன தடவை வெனிஸின் சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் வாசல் படிகளில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். பட்டுக்கரைச் சேலையில் பாட்டி, ஸ்ட்ரோலரில் குழந்தை, அப்பாவின் கையில், நகரின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோவுக்கு வழி காட்டும் போன். "முப்பத்தஞ்சு நிமிஷம்தான் காட்டுது, நடந்தே போயிடலாம்மா" என்றார். பல வருஷங்களுக்கு முன் அதே படியில் நின்று, அதே வார்த்தையை என் அம்மாவிடம் நான் சொல்லியிருக்கிறேன். மனசு கேட்கவில்லை, போய்ப் பேசினேன். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பர்ஸ் பத்திரம், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

போன் காட்டும் நிமிடத்தை நம்பி நடப்பது

வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். பாலத்துக்கு அடியில் படகு போக வேண்டும், அதனால் நடுவில் வளைவாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். உயர்த்திக் கட்டினால் இரண்டு பக்கமும் படிதான். போன் தூரத்தைக் கணக்குப் போட்டு நிமிடம் சொல்கிறது. முட்டிவலிக்காரரின் படிகள் அந்தக் கணக்கில் வராது.

நான் அம்மாவைக் கூட்டி வந்த அன்று அவருக்கு 68 வயது. நிலையத்திலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக, சுவரில் 'சான் மார்க்கோ' என்று எழுதிய மஞ்சள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். முதல் பெரிய பாலத்தை உற்சாகமாக ஏறினார். மூன்றாவது பாலத்தில் இடது கை கைப்பிடிச் சுவரில், வலது கை முட்டியில். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு விட்டு, அப்புறம் அடுத்த படி. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். நானும் மனைவியும் ஸ்ட்ரோலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினோம், தூக்கி இறக்கினோம். ஐம்பது அடி நடந்தால் அடுத்த பாலம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சேலைக் கொசுவத்தை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

சான் மார்க்கோ சதுக்கத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று, உச்சி வெயிலாகிவிட்டது. தூண் வரிசையை ஒட்டிய படியில் அம்மா உட்கார்ந்தார். அங்கே உட்காரக் கூடாது, அபராதம் உண்டு என்று ஒருவர் வந்து எழுப்பிவிட்டார். சதுக்கத்திலேயே இருக்கும் சான் மார்க்கோ பேராலயத்தை பசிலிக்கா என்பார்கள். அதன் உட்கூரை முழுக்கத் தங்கப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். அதைப் பார்க்கத்தான் அம்மா ஆசைப்பட்டு வந்தார். வரிசையில் நிற்க முடியவில்லை, பார்க்காமலே திரும்பினார். சாயங்காலம் படகுத்துறையில் அத்தனை கூட்டம். ஆடுகிற மிதவை மேடையில் அவரை நிற்க வைக்க மனமில்லாமல் வாட்டர் டாக்ஸி பிடித்தேன். ஏறக்குறைய 90 யூரோ. பணம் போனது போகட்டும். வெனிஸ் எப்படி இருந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டால், ரொம்ப நாளைக்கு அம்மா சொன்ன பதில் "படியா இருந்தது" என்பதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

சரி, என்ன செய்யலாம்? வப்பொரெத்தோ என்கிற பொதுப் படகில் ஏறுங்கள். நிலையத்தின் வாசலிலேயே துறை இருக்கிறது. ஒன்றாம் எண் படகு பெரிய கால்வாய் வழியாக எல்லாத் துறையிலும் நின்று, முக்கால் மணி நேரத்தில் சான் மார்க்கோ சேரும். அங்கே 'வல்லரேஸ்ஸோ' துறையில் இறங்கி நேரே சந்துக்குள் நடந்து வலது பக்கம் திரும்பினால், பாலமே இல்லாமல் சதுக்கம் வந்துவிடும். இரண்டாம் எண் படகு கொஞ்சம் வேகம், ஆனால் நிலையத்திலிருந்து இரண்டு திசையிலும் போகும். ஒரு திசை பெரிய கால்வாயில் ரியால்தோ பாலம் வழி, இன்னொன்று ஜுதேக்கா தீவைச் சுற்றி. ரியால்தோ என்று பலகையில் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஒரு நாள் டிக்கெட் 25 யூரோ. மூன்று தடவை ஏறினாலே ஒரு நாள் டிக்கெட்தான் லாபம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். நாலு பேருக்கு 100 யூரோவா என்று தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றித்தான் அன்று நடக்க வைத்தேன். படகிலிருந்து பாலம் ஏறாமல் போகக்கூடிய பகுதிகளைக் குறித்து நகராட்சியே ஒரு வரைபடம் வெளியிடுகிறது. பெரியவர்கள் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். கைக்குழந்தையை ஸ்ட்ரோலரில் வைக்காமல் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா மறுபடி வந்தார். காலை எட்டு மணிக்குள் படகு ஏறினோம், உட்கார இடம் கிடைத்தது. முன்பதிவு செய்த நேரத்தில் பசிலிக்காவுக்குள் போனோம். தலையை அண்ணாந்தபடி தூணில் சாய்ந்து அம்மா நின்ற கோலம் கண்ணிலேயே இருக்கிறது. சதுக்கத்து மணிக்கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. 1902-இல் அப்படியே இடிந்து விழுந்து, 1912-இல் பழையபடியே கட்டி முடித்த கோபுரம் அது. மேலேயிருந்து பார்த்தால் அத்தனை ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே ஒரு கால்வாய்கூடக் கண்ணில் படாது. "தண்ணியெல்லாம் எங்கடா போச்சு?" என்றார் அம்மா.

நுழைவுக் கட்டணத்தைப் பார்க்காமல் கிளம்புவது

2024-இலிருந்து, வருஷத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும், பகலில் வந்து போகிறவர்கள் நகரத்துக்குள் வரவே கட்டணம் கட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. பதினான்கு வயதுக்குக் கீழே கிடையாது. தேதிகள் நகராட்சியின் தளத்தில் இருக்கும். உங்கள் தேதி அதில் விழுந்தால் ஒரு நாள் தள்ளிப் போவதே நல்லது. கூட்டம் அதிகம் வரும் நாட்களாகப் பார்த்துத்தான் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஞாயிறு காலை பசிலிக்கா

வழிபாட்டு நேரம். பார்வையாளர்களுக்கு மதியத்துக்கு மேல்தான். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.

முரானோ, புரானோ தீவுகள் இரண்டையும் அதே நாளில் சேர்ப்பது

வேண்டாம்.

சதுக்கத்திலேயே சாப்பிட உட்காருவது

உட்கார்ந்தால் ஒரு விலை, நின்று குடித்தால் ஒரு விலை. சதுக்கத்து மேசைகளில் இசை வாசிப்பதற்கும் தனியாகப் பில்லில் சேரும். குழந்தைக்குப் பசி என்று அவசரத்தில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் பில்லைப் பார்த்து முகம் வாடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனாலும் சதுக்கத்துப் படிகளில் பிரிக்க முடியாது. நீர்க்கரையை ஒட்டி அரச பூங்கா இருக்கிறது, ஜார்தீனி ரெயாலி என்று பெயர். பெஞ்சும் நிழலும் கிடைக்கும், நுழைவு இலவசம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருமுனைச் சதுக்கங்களில் சின்ன இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கிற தண்ணீர்தான்.

கோந்தோலா என்கிற துடுப்புப் படகுக்குத் தலைக்கு எவ்வளவு என்று கேட்பது

தலைக்குக் கிடையாது, படகுக்கு. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ஐந்து பேர் வரை ஏறலாம். அது கட்டுப்படியாகாது என்றால் ரியால்தோ சந்தைப் பக்கம் 'த்ரகெத்தோ' உண்டு. இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் பெரிய கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரை விடுவார்கள், ஆளுக்கு 2 யூரோ. இரண்டு மூன்று நிமிஷம்தான். என் மகள் அதில் நாலு தடவை போய் வந்தாள்.